வேருக்கும் மூச்சு வேண்டும்: சிங்கப்பூர் வீட்டு ஹைட்ரோபோனிக்ஸில் தண்ணீர்ச் சூட்டையும் ஆக்சிஜனையும் கவனிக்க ஒரு முழு வழிகாட்டி

தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடும். மண்ணில்லாமல் சத்துக்கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸில் புதிதாக இறங்குபவர்களை இதைப்போலக் குழப்புவது வேறொன்றும் இல்லை. தொட்டி நிறையத் தண்ணீர், அதில் அளந்து கலந்த உரம், மேலே நல்ல வெளிச்சம். ஆனாலும் மதியம் 2 மணிக்கு லெட்யூஸ் இலைகள் துவண்டு தொங்குகின்றன. எங்கள் புளோக்கில் ஓர் அக்கா, "இவ்வளவு தண்ணீர் இருக்கே, அப்புறம் ஏன் வாடுது?" என்று கேட்டுவிட்டு, சத்துக் குறைவாக இருக்கும் என்று இன்னும் இரண்டு மூடி உரம் ஊற்றினார். மறுநாள் செடி இன்னும் மோசமாகிவிட்டது.

காரணம் வேரில் இருக்கிறது. வேரும் மூச்சு விடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்து, அதிலிருந்து கிடைக்கும் சக்தியில்தான் அது சத்துகளை உள்ளே இழுக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் வேர்ச் செல்களின் சவ்வில் தண்ணீர் புகும் வழிகள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடிக்குக் குடிக்க முடியாத நிலை. அந்த நேரத்தில் உரத்தைக் கூட்டினால் தண்ணீரின் உப்பு ஏறி, உறிஞ்சுவது இன்னும் கடினமாகிறது.

தாழ்வாரத்திலோ, சன்னல் ஓரத்திலோ, சமையலறைப் பின்புறத்திலோ 10 முதல் 100 லிட்டர் வரை தண்ணீர் வைத்து வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் தண்ணீரைக் குளிர்விக்கப் பணம் செலவழிப்பது கடைசி வேலை. சூடு உள்ளே வராமல் தடுப்பது முதல் வேலை, வேருக்குக் காற்றுக்கு வழி செய்வது இரண்டாவது வேலை. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலான கீரைகளுக்கு மூன்றாவது தேவையே படாது.

சூடு ஏறினால் என்ன நடக்கிறது

நல்ல தண்ணீர் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் அது 8.3. 30 டிகிரியில் 7.6. 35 டிகிரியில் 7-க்கு வந்துவிடும். இவை உச்ச அளவுகள். எத்தனை ஏர் பம்ப் வைத்தாலும் சாதாரணக் காற்றைக்கொண்டு இதற்கு மேல் போக முடியாது.

20-லிருந்து 30-க்குப் போகும்போது ஆறில் ஒரு பங்குதானே குறைகிறது என்று தோன்றலாம். ஆனால் 10 டிகிரி ஏறினால் வேரின் மூச்சுத் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. வரவு கொஞ்சம் குறைகிறது, செலவு இரட்டிப்பாகிறது. தண்ணீரில் உள்ள பாக்டீரியாக்களும் சூட்டில் வேகமாகப் பெருகித் தங்கள் பங்குக்கு ஆக்சிஜனைத் தின்கின்றன. அசையாத தொட்டியில், வேர் அடர்ந்து கிடக்கும் இடத்தில், உண்மையான அளவு 3 மில்லிகிராமுக்குக் கீழே போய்விடலாம். வேர் நிம்மதியாக இருக்க 5-க்கு மேல் வேண்டும், 6 இருந்தால் நல்லது.

மூன்றாவது பிரச்சினை பித்தியம் என்ற வேரழுகல் கிருமி. இது உண்மையில் பூஞ்சை அல்ல, பூஞ்சை போலத் தோன்றும் வேறு இனம். இதன் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்தி வேரைத் தேடிப் போகும். இதில் அஃபனிடெர்மாட்டம் என்ற வகை 30 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில்தான் செழிக்கிறது. மூச்சுத் திணறும் வேரால் அதை எதிர்த்து நிற்க முடியாது.

சிங்கப்பூரில் பகல் உச்சம் பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரி. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37.0 டிகிரி பதிவாகி, 1983-இல் தெங்காவில் பதிவான உச்சத்தைத் தொட்டது. ஆனால் நம்மை உண்மையில் சோதிப்பது பகல் அல்ல, இரவு. இங்கே இரவிலும் வெப்பநிலை 23, 25 டிகிரிக்குக் கீழே சாதாரணமாக இறங்குவதில்லை. கான்கிரீட் சுவருக்குப் பக்கத்தில் அதுவும் கிடையாது. பகலில் ஏறிய சூட்டை இரவில் இறக்கிவைக்கத் தொட்டிக்கு இடமில்லை. அதனால் குளிர்நாட்டுக் காணொளியைப் பார்த்து அமைத்த தொட்டி இங்கே அப்படியே வேலை செய்யாது.

இதற்கு நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் இந்த ஊரிலிருந்துதான் வந்தது. தேசியக் கல்விக் கழகத்தில் பேராசிரியர் லீ சிங் கொங்கும் ஹே ஜியேயும் 1990-களில் செய்த ஆய்வுகளில், லெட்யூஸ் செடியின் இலைகளை இங்குள்ள வெயிலிலேயே விட்டுவிட்டு, வேருக்கு மட்டும் 20 டிகிரி அளவில் குளிர்ந்த சத்துக்கரைசலைத் தெளித்தார்கள். செடிகள் நன்றாக வளர்ந்தன. வேரைச் சூட்டில் விட்டபோது வளர்ச்சி குன்றியது. லிம் சூ காங்கில் இந்த முறையில் ஒரு பண்ணையே நடந்தது. முழு அறைக்கும் ஏர்கான் போட வேண்டியதில்லை, வேர் இருக்கும் அந்தக் கொஞ்சம் இடத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்பது இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

முதல் படி: அளந்து பாருங்கள்

மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் வெப்பமானி போதும். அதன் முனையைத் தண்ணீரின் மேற்பரப்பில் வைக்காமல் வேர்கள் தொங்கும் ஆழத்தில் வையுங்கள். காலை 7 மணி, மதியம் 1 மணி, மாலை 5 மணி, இரவு 10 மணி என நான்கு முறை, ஒரு வாரத்துக்குக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை 5 மணி அளவை விட்டுவிடாதீர்கள். காற்றின் உச்சம் மதியம் 2 மணி வாக்கில் முடிந்துவிடும், தண்ணீரின் உச்சம் அதற்குப் பிறகுதான் வரும். மேற்குப் பார்த்த வீடாக இருந்தால் இன்னும் தாமதமாக வரும்.

குழாய்த் தண்ணீரையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். இங்கே அதுவே குளிர்ச்சியாக இருக்காது. சூடான தொட்டியைக் குழாய்த் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாம் என்ற எண்ணம் அந்த எண்ணைப் பார்த்ததும் போய்விடும்.

ஆக்சிஜன் மீட்டர் விலை அதிகம், வீட்டுக்கு அவசியமும் இல்லை. மீன்தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டி வாங்கினால், காலையில் விளக்கு போடும் முன் ஒருமுறை பாருங்கள். பாசி பிடித்த தொட்டியில் பகலில் பாசி ஆக்சிஜனை விடும், இரவெல்லாம் அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலை அளவுதான் உண்மையைச் சொல்லும்.

மாலை உச்சம் 28-க்குள் இருந்தால் உங்களுக்குப் பெரிய வேலையில்லை. 28 முதல் 30 என்றால் அடுத்த இரண்டு படிகளும் அவசியம். 31-ஐத் தாண்டினால் முதலில் தொட்டியின் இடத்தை மாற்றுங்கள், பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: சூடு நுழையும் வழிகளை அடைத்துவிடுங்கள்

சூடு நான்கு வழிகளில் வருகிறது: வெயில், தரை, குழாய், பம்ப்.

வெயில் இலைக்கு வேண்டும், தொட்டிக்கு வேண்டாம். கறுப்பு வாளி, அடர்நீலப் பெட்டி எல்லாம் மதிய வெயிலில் அடுப்புப் பாத்திரமாகிவிடும். ஈரச்சந்தையில் மீன்கடைக்காரர்களும் பழக்கடைக்காரர்களும் தூக்கிப்போடும் ஸ்டைரோஃபோம் பெட்டியைவிட நல்ல தொட்டி வீட்டு அளவுக்கு நான் பார்த்ததில்லை. சுவர் தடிமனானது, வெள்ளை நிறம், காசும் வேண்டாம். தேக்கா சந்தையில் காலையில் கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மீன் பெட்டி என்றால் நன்றாகக் கழுவி, உள்ளே தடித்த கறுப்பு பிளாஸ்டிக் விரித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் புகாது, பாசி வராது, கசியவும் செய்யாது. ஏற்கெனவே பிளாஸ்டிக் தொட்டி வைத்திருப்பவர்கள் அதைச் சுற்றி ஸ்டைரோஃபோம் பலகையை ஒட்டி, வெளிப்பக்கம் காரின் முன்கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளி நிறத் தடுப்பை வெட்டிச் சுற்றலாம்.

தரையைப் பலரும் யோசிப்பதில்லை. மாலை 4 மணிக்கு வெயில் விழும் தாழ்வாரத் தரையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடு முழுதும் பெட்டியின் அடியில் ஏறுகிறது. இரண்டு செங்கல் அல்லது ஒரு மரச்சட்டத்தின்மேல் பெட்டியைத் தூக்கிவைத்து, அடியில் காற்று போக வழி விடுங்கள்.

குழாய்களில் தண்ணீர் ஓடும் அமைப்பில் குழாய்தான் பெரிய எதிரி. மெல்லிய படலமாக ஓடும் தண்ணீர் வெயில்பட்ட குழாயில் போய்வரும் ஒவ்வொரு சுற்றிலும் சூட்டை வாரிக்கொண்டு தொட்டிக்குத் திரும்புகிறது. தொட்டியை எவ்வளவு மூடினாலும் குழாய் வெயிலில் கிடந்தால் பயனில்லை. வெள்ளைக் குழாயாக இருக்கட்டும். மேலே 30 முதல் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். திரும்பி வரும் குழாயை ஏர்கான் குழாய்க்குப் போடும் நுரை உறையால் மூடுங்கள்.

பம்ப் விஷயம் கணக்குப் போட்டால்தான் புரியும். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் 20 வாட் பம்ப் தன் மின்சாரம் முழுவதையும் கடைசியில் சூடாகத் தண்ணீரிலேயே விடுகிறது. 20 லிட்டர் தொட்டியில், வேறு வழியில் சூடு வெளியேறாவிட்டால், அது மணிக்குக் கிட்டத்தட்ட 0.9 டிகிரி ஏற்றும். பெரிய பம்ப் வாங்கி வால்வைத் திருகிக் குறைப்பவர்கள் ஒரு ஹீட்டரைத்தான் வாங்கியிருக்கிறார்கள். 5 வாட்டில் ஆகிற வேலைக்கு 5 வாட் பம்ப் போதும். டைமர் வைத்து 15 நிமிடம் ஓட்டி 15 நிமிடம் நிறுத்தினால் சூடு பாதியாகும், வேருக்கும் இடையில் காற்று கிடைக்கும்.

அறைக்குள் எல்இடி விளக்கில் வளர்ப்பவர்களுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. விளக்கைப் பகலில் அணைத்து, இரவு 7 மணி முதல் காலை 9 மணி வரை எரியவிடுங்கள். செடிக்கு எது பகல் என்பது பொருட்டில்லை. விளக்கின் சூடு அறை குளிர்ந்திருக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

தொட்டியின் அளவும் முக்கியம். 5 லிட்டர் வாளி இரண்டு மணி நேரத்தில் சூடேறும், 50 லிட்டர் பெட்டி சூடேறுவதற்குள் மாலையாகிவிடும். இடம் இருந்தால் நான்கு சின்ன வாளிகளுக்குப் பதில் ஒரு பெரிய பெட்டி வையுங்கள்.

மூன்றாம் படி: வேருக்குக் காற்று

இந்தப் படிக்குத்தான் நேரம் அதிகம் கொடுக்க வேண்டும் என்பேன். 29 டிகிரித் தண்ணீரில்கூட வேருக்கு நல்ல காற்று கிடைத்தால் செடி சமாளிக்கும். 25 டிகிரியாகவே இருந்தாலும் காற்றில்லாமல் தேங்கிய தண்ணீரில் அழுகும்.

பம்ப் இல்லாத க்ராட்கி முறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு இதுதான் மிகப் பொருத்தம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் க்ராட்கி உருவாக்கிய முறை இது. சூடான ஊரில் பிறந்த முறை என்பதால் நமக்கும் ஒத்துப்போகிறது. பெட்டியில் சத்துக்கரைசலை நிரப்பி, மூடியில் துளையிட்டு, நெட் பாட் எனப்படும் வலைக்கிண்ணத்தைச் செடியோடு இறக்கவேண்டும். தொடக்கத்தில் கிண்ணத்தின் அடி ஒரு சென்டிமீட்டர் மட்டும் தண்ணீரில் படும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கி, மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈரமான காற்றிடம் உருவாகும்.

மூன்றாவது வாரத்தில் மூடியை மெதுவாகத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். காற்றிடத்தில் இருக்கும் வேர்கள் குட்டையாக, நிறையக் கிளைவிட்டு, மேலெல்லாம் நுண்ணிய வெள்ளை ரோமத்தோடு இருக்கும். தண்ணீருக்குள் இருப்பவை நீளமாக, வழவழப்பாக, ரோமமே இல்லாமல் தொங்கும். முதல் வகை காற்றிலிருந்து நேராக ஆக்சிஜன் எடுக்கிறது, இரண்டாவது வகை தண்ணீரும் சத்தும் எடுக்கிறது. இந்தக் காற்றுவேர்கள்தான் க்ராட்கி முறையின் உயிர்.

இதனால்தான் மட்டம் இறங்கிவிட்டதே என்று மீண்டும் விளிம்புவரை ஊற்றக்கூடாது. காற்றுவேர் மூழ்கினால் ஒரே நாளில் செடி வாடத் தொடங்கிவிடும். சேர்க்கத்தான் வேண்டுமென்றால் இறங்கிய உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் சேருங்கள், அதுவும் காற்றிடத்தில் உள்ள வேர் பெரும்பகுதி வெளியே இருக்கும்படி. ஒரு லெட்யூஸுக்கு 4 லிட்டராவது வரும்படி பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் இடையில் சேர்க்கும் தேவை குறையும். வெளியே வைப்பவர்கள் மழைத்தண்ணீர் உள்ளே போகாமலும் பார்க்க வேண்டும். ஒரு பெருமழை இந்த மட்டத்தை ஒரே மாலையில் கெடுத்துவிடும்.

அடுத்தது ஏர் பம்ப் வைத்த ஆழ்நீர்த் தொட்டி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர் காற்று என்பது நடைமுறையில் நல்ல கணக்கு. 20 லிட்டர் தொட்டிக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் பம்ப். குமிழி மேலே போகும் வழியில் கரைவது கொஞ்சம்தான். அது தண்ணீரைப் புரட்டி, அடியில் உள்ளதை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து காற்றோடு சேர்ப்பதே பெரிய வேலை. அதனால் ஏர் ஸ்டோனை ஒரு மூலையில் போடாமல் வேர்க்கொத்துக்கு நேர் கீழே வையுங்கள். நுண்ணிய குமிழி விடும் கல் நல்லது, ஆனால் உப்புப் படிந்து சீக்கிரம் அடைபடும். மாதம் ஒருமுறை கழற்றி வெந்நீரில் ஊறவைத்துத் தேயுங்கள், குமிழி பெரிதாகவே வந்தால் மாற்றிவிடுங்கள். ஏர் பம்ப்பை நிழலில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய்வழியாகத் திரும்பிப் பம்ப்புக்குள் இறங்கும், தரையெல்லாம் ஆகும். வெயிலில் கிடந்த பம்ப் சூடான காற்றைத்தான் உள்ளே தள்ளும்.

சரிவான குழாயில் தண்ணீர் மெல்லிய படலமாக ஓடும் படலமுறை, அதாவது என்எஃப்டி, 1960-களில் இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் கொண்டுவந்தது. 40 சென்டிமீட்டர் ஓட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம். வேரின் மேல்பாதி காற்றில், அடிப்பாதி ஓடும் தண்ணீரில். ஆனால் பல வீடுகளில் நான் பார்க்கும் வட்டக் குழாய் அமைப்பு இது அல்ல. முனைமூடியில் துளையை உயரத்தில் போட்டு, குழாய்க்குள் மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்ணீரைத் தேக்கிவைத்திருப்பார்கள். மின்சாரம் போனால் பாதுகாப்பு என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தேங்கிய தண்ணீர் வெயிலில் சூடாகி, வேர்ப்பின்னல் அடைத்துக்கொண்டதும் கடைசிச் செடிக்கு ஆக்சிஜனே போய்ச் சேராது. வரிசையில் கடைசி இரண்டு செடிகள் மட்டும் எப்போதும் சோம்பிக் கிடந்தால் காரணம் இதுதான். குழாயைக் குட்டையாக்குங்கள், துளையைக் கீழே இறக்குங்கள், வயதான செடிகளின் வேர்ப்பின்னல் தடுக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

தண்ணீர் சுற்றும் எந்த அமைப்பிலும் செலவில்லாமல் ஆக்சிஜன் சேர்க்க ஒரு வழி உண்டு. திரும்பி வரும் குழாயின் வாயைத் தண்ணீருக்குள் மூழ்கவிடாமல் 15, 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுங்கள். சலசலப்பு அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இருந்தால் விழும் இடத்தில் ஒரு துண்டு நுரைப்பஞ்சை வைக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர், மீன் அமிலம், வெல்லக் கரைசல் எல்லாம் மண்தொட்டிக்கு நல்லவை. ஊரில் அம்மாவும் பாட்டியும் ஊற்றியதைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கை தானாகப் போகும். ஹைட்ரோபோனிக் தொட்டியில் மட்டும் அவை வேண்டாம். பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்றபடி ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். இறந்த இலை, அறுந்த வேர் எதையும் உள்ளே விடாதீர்கள். க்ராட்கி அல்லாத தொட்டிகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை முழுதும் மாற்றுங்கள்.

சூடான நாட்களில் உர அடர்த்தியையும் குறையுங்கள். செடி அதிகம் குடிப்பது தண்ணீரைத்தான். கீரைகளுக்கு இசி (உர அடர்த்தியைக் காட்டும் மின்கடத்துதிறன்) 1.2 முதல் 1.6 போதும், பிஎச் (அமில-கார அளவு) 5.5-க்கும் 6.5-க்கும் இடையில். தண்ணீர் வற்றி இசி ஏறினால் வெறும் தண்ணீர் மட்டும் சேருங்கள்.

நான்காம் படி: அப்போதும் போதவில்லை என்றால் குளிர்விப்பது

மதுரையில் சித்திரை மாதத்தில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அங்கே காற்று வறண்டது, பானையின் ஈரம் ஆவியாகிச் சூட்டை எடுத்துப்போகிறது. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். மதியத்தில் கொஞ்சம் குறைந்தாலும், ஆவியாதலால் தண்ணீரை 26 டிகிரி வாக்கிற்குக் கீழே இறக்க முடியாது. ஆனாலும் தண்ணீர்ப் பரப்பின்மேல் வீசும் சின்ன யுஎஸ்பி விசிறி இரண்டு டிகிரி வரை குறைக்கும். 31-ஐ 29 ஆக்குவது பெரிய உதவிதான். 22 டிகிரியை இதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

ஐஸ் போத்தல் அடுத்த வழி. கணக்கு இப்படி: 20 லிட்டரை 31-லிருந்து 25-க்கு இறக்க சுமார் 500 கிலோஜூல் சூட்டை எடுக்க வேண்டும். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஒரு கிலோ ஐஸ் உருகி 25 டிகிரிக்கு வருவதற்குள் சுமார் 475 கிலோஜூலை எடுக்கும். ஆக, 1.5 லிட்டர் போத்தல் ஒன்று, சுவர் தடித்த பெட்டியில், ஒரு மதியத்துக்குப் போதும். மெல்லிய வாளியில் போதாது. போத்தலை முழுதும் நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு காலி விட்டு உறையவையுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்குங்கள், ஐஸை நேராகக் கொட்டினால் மட்டமும் இசியும் மாறிவிடும்.

நேரம்தான் இதில் முக்கியம். பலரும் மாலை 4 மணிக்குச் சூடேறிய பிறகு போடுகிறார்கள். காலை 11 மணிக்கே போடுங்கள். சூடு ஏறுவதைத் தடுப்பது, ஏறியதை இறக்குவதைவிடச் சுலபம். போத்தல் வேரில் உரசாமல் ஓர் ஓரத்தில் நிற்கட்டும். ஒரே தடவையில் ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும்போது காலை 7 மணிக்கே போட்டால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அவர்களுக்கு ஐஸைவிடத் தடித்த பெட்டியும் சரியான செடியும்தான் கைகொடுக்கும்.

மீன்தொட்டிச் சில்லர் கடைசி வழி. வீட்டில் நல்ல மொறுமொறுப்பான லெட்யூஸ் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். 150 வாட் சில்லர் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் 16 வெள்ளி. வாங்கும் விலை தனி. வாங்கினால் 22, 24 டிகிரியில் வையுங்கள், 18-க்கு இறக்குவது வீண். சில்லர் வெளியே தள்ளும் சூடான காற்று தொட்டியின்மேல் படக்கூடாது. இன்னொன்று: இங்கே காற்றின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி வாக்கில் இருக்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்த குழாய் எதுவும் வியர்த்துச் சொட்டும். நுரை உறை போடாவிட்டால் கீழ்வீட்டுத் துணியில் சொட்டும், தட்டில் தேங்கும்.

ஐந்தாம் படி: வேருக்கு ஏற்ற செடி

கங்கோங் கீரை 30 டிகிரித் தண்ணீரிலும் சிரித்துக்கொண்டே வளரும். அதன் தண்டு உள்ளே குழல், இலையிலிருந்து வேர்வரை காற்று இறங்க வழி இருக்கிறது. முதல்முறை வளர்ப்பவர்கள் அதில் தொடங்குங்கள். தண்டுக்கீரை, புதினா, துளசி வகைகள், சாய் சிம், சியாவ் பாய் சாய் எல்லாம் 28 டிகிரி வரை காற்று இருந்தால் வரும். கைலானுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

கொத்தமல்லிதான் நம்மவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது. மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள், சூட்டில் அது சீக்கிரம் பூத்து வேரும் அழுகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, டிசம்பரிலும் ஜனவரியிலும் காற்று கொஞ்சம் குளிரும்போது விதையுங்கள். லெட்யூஸையும் அப்போது தொடங்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டையும் நிறுத்திவிட்டுக் கங்கோங்குக்கு மாறுவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆறாம் படி: வேர் நோய்ப்பட்டால்

வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கி வேரைப் பாருங்கள், தொடுங்கள், முகருங்கள். நல்ல வேர் வெள்ளையாக அல்லது இளம்பழுப்பாக, உறுதியாக, மணமின்றி இருக்கும். உரத்தின் நிறம் ஏறிப் பழுப்பானதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சந்தேகமிருந்தால் ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்து, நடுவில் மெல்லிய இழை மட்டும் மிஞ்சினால், மின்கம்பியின் உறையை உருவியதுபோல இருந்தால், அது அழுகல். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஆக்சிஜனே இல்லாத நிலை.

அப்போது செய்ய வேண்டியது: கரைசலை முழுதும் கொட்டிவிடுங்கள். அழுகிய வேரைக் கத்தரியால் வெட்டி, மிச்சத்தைச் சுத்தமான தண்ணீரில் அலசுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அரை அடர்த்தி உரத்தோடு புதுக் கரைசல் ஊற்றி, மட்டத்தைத் தாழ்வாக வைத்துக் காற்றைக் கூட்டுங்கள். செடியை மூன்று நான்கு நாள் நிழலில் வையுங்கள், வேர் குறைந்ததால் இலையின் தாகத்தையும் குறைக்க வேண்டும். வேரில் பாதிக்கு மேல் போயிருந்தால் அந்தச் செடியைக் காப்பாற்ற முயலாதீர்கள். அது பக்கத்துச் செடிக்கு நோயைத்தான் கொடுக்கும்.

3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை லிட்டருக்கு 2, 3 மில்லி வீதம் ஒருமுறை கலப்பவர்கள் உண்டு. கிருமியைக் குறைக்கும், சிதையும்போது ஆக்சிஜனும் விடும், ஆனால் அந்தப் பலன் சீக்கிரமே தீர்ந்துவிடும். காற்றோட்டமில்லாத தொட்டிக்கு இதைத் தினமும் ஊற்றிக்கொண்டே இருப்பதை நான் ஏற்கமாட்டேன். பேசில்லஸ், ட்ரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர் கலப்பவர்கள் பெராக்சைடைத் தொடவே கூடாது, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குழாய்த் தண்ணீரில் சேர்ப்பது குளோரமின். ஒருநாள் திறந்துவைத்தால் போய்விடும் குளோரின் அல்ல. நுண்ணுயிர் சேர்ப்பதற்கு முன் மீன்தொட்டிக்குப் போடும் குளோரமின் நீக்கியை ஓரிரு சொட்டு கலந்துகொள்ளுங்கள்.

தாழ்வாரமும் கொசுவும் மின்தடையும்

காற்றுக்கு வழி விட வேண்டும், ஆனால் கொசுவுக்கு விடக்கூடாது. ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய கொஞ்சம் தண்ணீரே போதும், சோதனையில் புழு கண்டால் அபராதம் உறுதி. நெட் பாட்டைச் சுற்றியுள்ள இடைவெளி, குழாய் நுழையும் துளை, பயன்படுத்தாத துளை எல்லாவற்றையும் நுண்வலை அல்லது பஞ்சால் அடையுங்கள். க்ராட்கி பெட்டியில் பிடிஐ என்ற பாக்டீரியா கலந்த கொசுப்புழுக்கொல்லியைப் போடலாம், செடிக்கும் வேருக்கும் கெடுதல் இல்லை. பெட்டியின் அடியில் தட்டு வைத்திருந்தால் அதையும் பாருங்கள்.

தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடக்க 1.2 மீட்டர் இடம் விட வேண்டும், இது தீ விபத்து நேரத்தில் உயிர்காக்கும் விதி. சுவர் விளிம்பின்மேல் எதையும் வைக்காதீர்கள். தண்ணீர் நிறைந்த பெட்டி ஒன்று 20, 30 கிலோ.

மின்தடை இங்கே அரிது, ஆனால் பம்ப் பழுதாவது அரிதல்ல. படலமுறையில் பம்ப் நின்றால் மதிய வெயிலில் ஓரிரு மணி நேரத்தில் செடிகள் சாய்ந்துவிடும். மீன்பிடிப்பவர்கள் இரைக்கு வைக்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையும் ஓர் உதிரிப் பம்ப்பையும் வீட்டில் வைத்திருங்கள். ஊருக்குப் போகும்போது படலமுறையில் எந்தச் செடியும் இருக்கக்கூடாது. அறுவடை செய்துவிட்டு, பத்து நாள் தாங்கும் க்ராட்கி பெட்டியில் கங்கோங்கை மட்டும் விட்டுப் போங்கள்.

ஒவ்வோர் அறுவடைக்கும் பிறகு தொட்டி, குழாய், நெட் பாட் எல்லாவற்றையும் தேய்த்து, லிட்டருக்கு 10 மில்லி வீட்டு பிளீச் கலந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் முழுதும் காயவிடுங்கள். ஸ்டைரோஃபோம் பெட்டியில் கீறல் ஆழமாக விழுந்திருந்தால் உள்விரிப்பைப் புதிதாக மாற்றிவிட்டே அடுத்த விதையைப் போடுங்கள்.